இரண்டு மேசை தள்ளி

யோம் மிரான் ஒன்பது நாளாக ஒரே ஒரு பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் தர வேண்டிய தாக் ஜோங்-ஊ இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் தும்மினால் இவளுக்குக் கேட்கும். மதியம் கிம்பாப் சோற்றுருளைப் பொட்டலத்தைப் பிரித்தால் நல்லெண்ணெய் வாசம் இங்கே வரைக்கும் வரும். ஆனால் நடுவே தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் பேருந்துக் கம்பெனியின் கிளை நிறுவனம், இந்தப் பக்கம் கடைசிப் படியில் இருந்த ஒப்பந்தக் கம்பெனி. நாடாவைத் தாண்டி வேலைப் பேச்சு கூடாது.

கேட்க வேண்டியதை மிரான் தன் மேலாளர் பியோனுக்கு எழுதுவாள். பியோன் தலைமை ஒப்பந்தக் கம்பெனிக்கு அனுப்புவார். அவர்கள் பேருந்துக் கம்பெனிக்கு அனுப்ப, அங்கிருந்து அது தாக்கின் மேலாளருக்கு இறங்கும். அவருக்கு ஒழிந்தபோது தாக்கிடம் வரும். நேரே பேசிக் கூடி வேலை செய்தால், தொழிலாளர் ஆய்வாளர் கண்ணுக்கு மிரானும் பேருந்துக் கம்பெனியின் ஆளாகத் தெரிந்துவிடுவாளாம். நிரந்தர வேலை கொடுக்க வேண்டியிருக்குமாம். அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை சுற்று.

போன சந்திரப் புத்தாண்டுக்கு நடந்த கூத்தை அந்த மாடியில் யாரும் மறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு இணையத்தில் பேருந்து டிக்கெட் விற்பனை திறந்ததும் சியோல் நகரமே ஒன்றாகப் பொத்தானை அழுத்தியது. ஓர் அழுத்தலுக்கு உள்ளே பல வேலைகள் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒன்று பேருந்தைத் தேடும், ஒன்று கட்டணம் பார்க்கும், ஒன்று இருக்கையைப் பிடித்து வைக்கும். பத்து விநாடி பார்த்துவிட்டு ஆள் சலித்துப் பக்கத்தை மூடிவிடுவார். உள்ளே போனவற்றுக்கு அந்தச் சேதி போகாது. போய்விட்டவருக்காக இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நிற்கும். அவரே திரும்ப வந்து அழுத்தினால் இன்னொரு இருக்கை. கடைசியில் திரையில் இடமே இல்லை, மோக்போ ஊருக்குப் போன பேருந்துகளில் பாதி காலி.

சுசோக் பண்டிகை விற்பனைக்குள் இதைச் சரிசெய்யத்தான் மிரானை எடுத்திருந்தார்கள். தன் பங்கை அவள் மூன்றே நாளில் முடித்துவிட்டாள். ஒவ்வொரு வேலைக்கும் கிளம்பும்போதே ஒரு சீட்டு. இன்னும் எத்தனை விநாடி பாக்கி, மேலே ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு ஒவ்வொரு வேலையும் புதிதாகப் பத்து விநாடி எடுத்துக்கொண்டது. இனி மேலே ஏழு செலவானால் கீழே மூன்றுதான். ஆள் போய்விட்டால் எல்லா வேலைகளும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். இருக்கை பிடிக்கும் பகுதி மட்டும் தாக்கினுடையது. அதுவும் இந்தச் சீட்டை வாங்கிக்கொண்டால் போதும். அந்த ஒரு வரிக் கோரிக்கைதான் ஒன்பது நாள் ஊர் சுற்றியது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவழியாகத் தாக்கின் திருத்தம் வந்தது. மிரான் படித்துப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள். நிறுத்து என்றதும் எல்லாம் நின்றது. பிடித்த இருக்கையை விடுவிக்க வேண்டிய வேலையும் அதே சீட்டை வைத்திருந்ததால் அதுவும் சேர்ந்து நின்றது. இருக்கை பழையபடி பூட்டிக் கிடந்தது.

வியாழக்கிழமை சோதனை. அதில் ஓர் இருக்கை சிக்கினாலும் ஒப்பந்தம் நீளாது என்று பியோன் முன்பே சொல்லியிருந்தார். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு அடுத்த வேலை கொடுக்க யார் இருக்கிறார்கள்? போன நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்ட பையன், இந்த வயதில் இன்னும் நீங்களேதான் புரோகிராம் எழுதுகிறீர்களா என்று வியந்திருந்தான். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"மறுபடி எழுதிக் குடுங்க மேடம், அனுப்பி வைக்கிறேன்" என்றார் பியோன்.

"போன தடவை ஒன்பது நாள் ஆச்சு. நாளன்னைக்கு சோதனை."

"தலைப்புல அவசரம்னு போட்டுடறேன்."

"போன தடவையும் அதைத்தான் போட்டீங்க."

பியோன் நல்ல மனுஷர்தான். அவரால் ஆனது அவ்வளவுதான்.

மிரான் மாடிப்படித் திருப்பத்தில் இருந்த காப்பி இயந்திரத்துக்குப் போனாள். தாக் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தான். இவளைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கினான்.

"மேடம், நாம பேசக் கூடாதே."

"தம்பி, நான் காப்பிகிட்ட பேசறேன். நீங்க சும்மா நில்லுங்க. தீப்பிடிச்சா எல்லாரும் வெளிய போங்கன்னு சொல்றோம், சரி. தீயணைக்க வந்தவனையும் வெளிய அனுப்பிட்டா எப்படி? இருக்கையை விடற வேலைக்கு மட்டும் தனிச் சீட்டு வேணும். ரெண்டு விநாடி போதும்."

தாக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "அட, ஆமால்ல" என்றான். "நாலு வரி."

நாற்பது நிமிடத்தில் திருத்தம் வந்துவிட்டது. வியாழக்கிழமை ஐந்து லட்சம் பொய்ப் பயணிகளை ஏவிவிட்டு, பாதிப் பேரை நடுவில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சிக்கிய இருக்கை பூஜ்யம். பேருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் கை குலுக்கிக்கொண்டார்கள். மிரானுக்கு அழுகையே வந்துவிட்டது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

தாக்கிடம் ஒரு கெட்ட பழக்கம், நேர்மை. திருத்தக் குறிப்பில் அவன் இப்படி எழுதியிருந்தான்: விடுவிக்கும் வேலைக்குத் தனி நேரம், பிழையைக் கண்டு சொன்னவர் யோம் மிரான். திங்கட்கிழமை மாலை அதைப் பேருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவில் யாரோ படித்தார்கள்.

மறுநாள் விற்பனை. காலை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மிரான் வாசல் தடுப்பில் அடையாள அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே சிவப்பு. பியோன் உள்பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். சட்டைக்காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

"நேர்ல சொல்லணும்னுதான் ராத்திரி போன் பண்ணல. தாக் எழுதின குறிப்பைப் பாத்துட்டு, இன்னிலேருந்து வர வேண்டாம்னுட்டாங்க."

"நான்தானே அவருக்குச் சொன்னேன்? அவங்க எனக்கு வேலை ஒண்ணும் சொல்லலையே."

"யார் யாருக்குச் சொன்னாங்கங்கறது இல்ல மேடம். சேர்ந்து வேலை செஞ்சதா எழுத்துல இருக்கு."

"எப்ப முடிவாச்சு?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

"உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

பியோன் தரையைப் பார்த்தார். "ஆறு அஞ்சுக்கு."

மிரானுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது நாள் என்று ஆரம்பித்தாள், முடிக்காமல் விட்டுவிட்டாள். அப்போது மணி ஏழு. மேசைக்குப் பின்னால் கைப்பேசியோடு குனிந்திருந்த வயதான காவலாளி நிமிர்ந்தார். சுன்சொன் ஊருக்கு இரண்டு இருக்கை, முதல் அழுத்தலிலேயே கிடைத்துவிட்டது என்று பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். போன தடவை அவர் மனைவி இடம் கிடைக்காமல் ஊருக்கே போகவில்லையாம்.

மின்தூக்கியிலிருந்து தாக் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மிரானின் நாற்காலி மெத்தை, பல் துலக்கும் பிரஷ், குளிருக்குப் போர்த்தும் சால்வை எல்லாம் அதில் இருந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுக்கு எதிரே வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தான். பியோன் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

தாக் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பியோனிடம் கொடுத்தான். பியோன் காவலாளியிடம் கொடுத்தார். காவலாளி அதை மேசைமேல் வைத்து, பதிவேட்டைப் பிரித்து, பேனாவோடு மிரான் பக்கம் திருப்பினார்.

"வாங்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா."