மட்கார்டு

பிரேம்குமார் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு, கரும்பு டிராக்டர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிராக்டர் ஒரு சாண்தான். பின்னால் கோத்திருந்த இரண்டு டிரெய்லரையும் சேர்த்தால் ஒரு முழத்தைத் தாண்டும். எல்லாமே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் அவனே யோசித்து அடுக்கியது. பானெட்டுக்குள் ஒரு மோட்டாரும் பேட்டரியும் ஒளிந்திருந்தன. கையிலிருந்த போனில் ஒரு பட்டையை மேலே தள்ளினால் வண்டி கிளம்பும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் சிமெண்டு வெடிப்பு வாய்க்காலாகிவிடும், கட்டில் கால் பனைமரமாகிவிடும், கனகம்மாசத்திரத்துச் சாலையில் மார்கழி வெயிலில் வெட்டின கரும்பு வாசம்கூட வரும். அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று அவன் ஆராய்ந்ததில்லை. ஆராய்ந்தால் போய்விடும்.

தினமும் மின்சார ரயிலேறி அரக்கோணத்துக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே நிஜமான ரயில் எஞ்சின்கள். இதை முடுக்கு, அதைக் கழற்று என்று சொன்னதைச் செய்ய வேண்டும். வீட்டில் அப்படியில்லை. இந்த டிராக்டர் முதலில் ஈ மாதிரி பறந்தது. பாரம் ஏற்றிய வண்டியின் அந்த அசைந்தாடும் நடை வரவே இல்லை. சின்னப் பல்சக்கரத்தின் பக்கத்தில் பெரியதை வைத்தான், அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மறுபடி எல்லாவற்றையும் பிய்த்தான். மாதக்கணக்கில் இப்படியே செய்து மோட்டாரின் அவசரத்தையெல்லாம் நிதானமாக்கினான். வேகத்தைக் குறைப்பதற்காக இவ்வளவு மெனக்கெட்ட மனுஷன் திருத்தணியில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

"டேய், அவங்க ஆட்டோ வந்துகினு இருக்குதாம். நீ இன்னும் படுத்துகினு கீறியா? எட்றா அத!" என்று அம்மா மணியம்மை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவன் எழுந்து சட்டையைத் தட்டுவதற்குள், டிராக்டரை டிரெய்லரோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வையை இழுத்துத் தொங்கவிட்டாள். அலமாரியிலிருந்த லாரியும் கிரேனும் காலையிலேயே பரணுக்குப் போயாகிவிட்டது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிற நாளில் அவள் எதையும் விதியின் கையில் விடுவதாக இல்லை. போன சம்பந்தம் அந்த அலமாரியால்தான் கெட்டது. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போய், மாப்பிள்ளை இந்த வயசில் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று சோளிங்கர் வரைக்கும் பரப்பிவிட்டார்கள்.

அப்போது பிரேம்குமாருக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. இந்த முறை பயமாக இருந்தது. ஷாலினியை மலைமேல் கோயில் மண்டபத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "வீட்ல இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். "சும்மா செல்லு பாத்துகினு இருப்பேன்" என்றான். அவள் "ஓ" என்று சொல்லிவிட்டுக் கீழே தெரிந்த குளத்தைப் பார்த்தாள். அந்த "ஓ"வை அவனால் இன்னும் மறக்க முடியவில்லை. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஷாலினியின் அப்பா சுந்தரமூர்த்தியும் அத்தை பங்காரம்மாவும் வந்தார்கள். வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கமில்லை. சுந்தரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விசாரித்தார், மற்றபடி பேசவில்லை. பேச்செல்லாம் அத்தைதான். தோட்டத்துக் கிணற்றிலிருந்து தொடங்கித் தூரத்துச் சொந்தங்கள் வரை போய், "அப்ப தை மாசத்துல ஒரு நல்ல நாளா பாத்துடலாம் இல்ல?" என்று வந்து நின்றாள். மணியம்மையின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது.

அந்த நேரம் பார்த்து பிரேம்குமாரின் பையில் போன் அடித்தது. வேலையிடத்து அழைப்பு. பதற்றத்தில் எடுத்து அதன் வாயை அடைக்கப் போனவன், திரையில் அழைப்புக்குப் பின்னால் திறந்தே கிடந்த அந்த டிராக்டர் பட்டையின் மேல் கட்டைவிரலை இழுத்துவிட்டான். கட்டிலுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. போர்வை விளிம்பு புடைத்தது, விலகியது, கரும்பு டிராக்டர் வெளியே வந்தது. அவன் ஆசைப்பட்ட அதே நடையில், எந்த அவசரமும் இல்லாமல், கூடத்தின் நடுவே வந்துகொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு அழகாக அது என்றைக்கும் ஓடியதில்லை.

பங்காரம்மா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா இது? நல்ல வார்த்த பேசிகினு இருக்கும்போது காலி வண்டி எதுருல வருது?"

மணியம்மை ஒரு கணம்தான் திகைத்தாள். தாம்பாளத்திலிருந்து வெற்றிலையையும் பூவையும் ரெண்டு வாழைப்பழத்தையும் அள்ளி, ஓடுகிற டிரெய்லரில் போட்டாள். "காலியா? எங்கக்கா காலி? லோடு ஏத்திகினு தானே வருது!"

பாரம் ஏறியதும் மோட்டாரின் குரல் தடித்தது. வண்டி இன்னும் மெதுவாகி, சுந்தரமூர்த்தியின் கால்விரல்களுக்குப் பக்கத்தில் போனபோதுதான் பிரேம்குமார் பட்டையைக் கீழே இழுத்தான்.

"எங்க வாங்கினது தம்பி?" என்றார் அவர்.

"கட்டதாங்க வாங்கினது. வண்டி நான் போட்டது."

"ஆங்" என்றார். அதில் எந்தப் பக்கமும் தெரியவில்லை.

அத்தைக்குச் சகுனம் சரியாகிவிட்டாலும் மனசு சரியாகவில்லை. "நைனா, தப்பா நெனச்சிக்காத. பொண்ணு கிட்ட மறச்சிட்டோம்னு நாளைக்கு ஆவக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஷாலினிக்கு வீடியோ கால் போட்டாள். போனை டிராக்டரின் பக்கம் திருப்பி, "பாரும்மா, உன் மாப்ள வெச்சிகினு வெளையாட்றத" என்றாள்.

முடிந்தது என்று பிரேம்குமார் நினைத்தான். பொம்மை போனாலும் பரவாயில்லை, இவள் போய்விடக் கூடாது என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காக டிராக்டரிடமே வெட்கப்பட்டான்.

"இன்னும் கீழ புடி அத்த" என்றது குரல். அத்தை போனைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். பிறகு, "அவர் கிட்ட குடு."

போன் அவன் கைக்கு வந்தது. அவள் தலையில் துண்டு கட்டியிருந்தாள், குளித்துவிட்டு வந்தவள் போலிருந்தது.

"சீட்டு காலியா கீதே. யாரு ஓட்றது?"

எவ்வளவு விலை, எவ்வளவு வேகம், இதனால் என்ன பிரயோஜனம் என்றுதான் இதுவரை பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த இருக்கை காலி என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவன் கண்ணுக்கு அது என்றைக்குமே காலியாக இருந்ததில்லை. அம்மா, அத்தை, நாற்காலியில் இருக்கும் மாமனார், எல்லோர் காதும் கேட்க, "நான்தான்" என்றான்.

அத்தை பக்கென்று சிரித்தாள். ஷாலினி சிரிக்கவில்லை. டிராக்டரை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னாள். மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"மட்கார்டு இவ்ளோ ஒல்லியா வெச்சிகிறீங்க. கரும்பு ஏத்திகினு போவும்போது நான் அப்பா பக்கத்துல அதுமேலதான் உக்காந்துகினு போவேன். இதுல யாரு உக்கார முடியும்?"

அவன் பதில் தேடுவதற்குள் அவள் முகம் உறைந்து நின்றது. சிக்னல் போய்விட்டது. அத்தை போனை வாங்கி மறுபடி போட்டாள், மணி மட்டும் அடித்தது.

சுந்தரமூர்த்தி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து டிரெய்லரிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, "வீட்ல கலந்துகினு சொல்றோம்மா" என்றார். உரித்துத் தின்றுகொண்டே ஆட்டோவில் ஏறினார். போன தடவை வந்தவர்களும் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மணியம்மை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடா சொன்னா அந்தப் பொண்ணு? புடிச்சிகீதா இல்லயா? எனக்கு ஒண்ணும் வெளங்கலியே" என்றாள். பின்னால் கலகலவென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். மகன் கட்டை டப்பாக்களையெல்லாம் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். திட்டுவதற்கு வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இடது பக்கத்து மட்கார்டை அவன் பிய்த்து எடுத்தான். ஒரு வரிசை அகலப்படுத்தினான். போதாது என்று தோன்றியது, இன்னொரு வரிசை சேர்த்தான். குமிழ் வைத்த கட்டைகள் உட்காருகிறவருக்குக் குத்தும் என்று மேலே வழவழப்பான தட்டைகளாகத் தேடித்தேடிப் பதித்தான். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்பி வைத்தான். கம்பி எந்த உயரத்தில் இருந்தால் கைக்கு வாட்டமாக இருக்கும் என்று நெடுநேரம் யோசித்தான். மலையிலிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. முடித்துக் கீழே வைத்தபோது டிராக்டர் ஒரு பக்கம் மட்டும் அகன்று, இடப்புறமாக லேசாகச் சாய்ந்து நின்றது. பிரேம்குமார் பக்கத்தில் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தான். போனைக் கையில் வைத்திருந்தான், மோட்டாரை முடுக்கவில்லை. யாரோ புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறுகிற வரைக்கும் பொறுத்திருக்கிறவன் போல, வண்டியை நிறுத்தியே வைத்திருந்தான்.