சீப்புக்காரரின் மரம்

குடை பிடிக்க ஓர் ஆளோடு மரத்தைப் பார்க்க வந்தார் அருங்காட்சியக இயக்குநர். அத்தனை பெரிய மரத்தின் நிழலுக்குள் நுழைந்த பிறகும் குடையை மடக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கீழே படம் வரைகிறவன் நான். பதினோரு நாளாக அந்த மரத்தில் செதுக்கியிருந்த குறிகளைத் தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கல்குவாரியில் செத்தவர்களுக்காக, கூட வேலை பார்த்தவர்கள் உளியால் வெட்டியவை. பெயர் எழுதத் தெரியாதவர்கள்; ஆளுக்கொரு அடையாளம். வாளி, முயல், பீடிக்கட்டு என்று நாற்பத்து மூன்று பேர். யார் யாரென்று கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சீப்பு போலிருந்த குறியைப் பேனாவால் தட்டி, "மழைச் சின்னம். ஆயிரம் வருஷம் இருக்கும்" என்றார்.

ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"மழையுமில்ல கிழையுமில்ல சார். அது எங்க வீட்டுக்காரரு. எந்நேரமும் தலைய சீவிக்கிட்டே இருப்பாரு. உயிரோட இருந்தப்ப ஒட்டி உலர்ந்த ஆளு. மரத்துல குறியா ஏறின பிறகுதான், மரத்தோட சேர்ந்து வருஷா வருஷம் சதை போடுறாரு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். சோற்றில் உட்கார்ந்த ஈயைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார் இயக்குநர்.

"இது இனிமே நாட்டோட சொத்தும்மா. அறுத்து, உள்ள கொண்டுபோய் பத்திரமா வெச்சுக்குவோம்."

"அறுத்தா செத்துடுமே சார்?"

"செத்தாத்தான் கெடாம இருக்கும்."

இருபது வருடமாக அவர் பேச்சைக் கேட்கிறேன். அன்றுதான் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. வழக்கம்போலத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் அருவருப்பு.

மரம் அறுப்பவர் ரம்ப மெஷினோடு வந்தார். குறிகளைப் பார்த்தபடி அடிமரத்தை ஒரு சுற்று சுற்றினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெஷினைத் தரையில் வைத்தார். "எனக்குக் கை வரல சார்." நிமிரும்போது, யார் இழுத்தாலும் ஓடாதபடி, கட்டைவிரலால் மெஷினின் சுவிட்சை அணைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"நீ என்ன பெரிய இவனா? தள்ளு!" கோட்டைக் கழற்றிக் குடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இயக்குநரே மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மெஷின் கொர்ரென்று இருமி அடங்கியது. மறுபடி இழுத்தார். சட்டை முதுகில் ஒட்டியது. என் பக்கம் திரும்பி, "என்னய்யா ஆச்சு இதுக்கு?" என்றார்.

"தெரியல சார்."

பெண்கள் சுத்தியல்களைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொருத்தியாக வந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பலமா இழுங்க சார்" என்றார் மரம் அறுப்பவர், மிகுந்த மரியாதையோடு.