பாதித் துப்பாக்கி

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. வேட்டைக்காரர்கள் படிக்கும் மாதப் பத்திரிகை ஒன்றிலிருந்து போன் வந்தது. "கேம்ப் போறவங்களுக்குத் தோதா, சின்னதா, எல்லாத்துக்கும் உதவுற மாதிரி துப்பாக்கி தேர்ந்தெடுக்கிறது எப்படின்னு எழுதிக் குடுங்க. படம் நாங்க போட்டுக்கிறோம்" என்றார் ஆசிரியர். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து மலை ஊரில் துப்பாக்கியும் தூண்டிலும் விற்றே தலை நரைத்தவன் நான். இதுகூடவா எழுத வராது என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வரி நன்றாகத்தான் வந்தது: "முதுகுப்பையில் அடங்காத துப்பாக்கி வீட்டுச் சுவருக்குத்தான் அழகு." இரண்டாவது வரியும் பரவாயில்லை. மூன்றாவது வரியில் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்லிஸ் உள்ளே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கட்டுரை நகரவில்லை.

(ஆசிரியர் இதைப் படித்தால்: மன்னிக்கவும். நீங்கள் கேட்ட தகவலெல்லாம் இதற்குள்தான் எங்கோ இருக்கிறது.)

2

"செப்டம்பரில் மலை உச்சியில் முதல் பனி விழுந்தபோது" என்று தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகள் எங்கள் ஊரில் தேவைக்கு மேல் இருக்கின்றன.

"ஆர்லிஸுக்கு ஒரு துப்பாக்கி தேவைப்பட்டது, ஏனென்றால்"

இதையும் பாதியில் விட்டேன். அந்த 'ஏனென்றால்' எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆர்லிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போதும் குரல் கடைசி சீட்டு வரைக்கும் போகும்.

"லாய்ட், கேம்புக்கு ஒரு துப்பாக்கி எடுத்துப் போடு. சின்னதா இருக்கணும். சாப்பாட்டுக்குக் காட்டுக்கோழி அடிக்கணும். கரடி வந்தா அது கொஞ்சம் யோசிக்கணும்."

கடையில் இலவசக் காபிக்காகவே உயிர் வாழும் எம்மெட் ஸ்டூலில் இருந்தபடி வாயைத் திறந்தான். "கரடி யோசிக்கணும்னா பெருசு வேணும். அந்த ரிவால்வர வாங்கு. ஒரே வெடி."

"ஒரே வெடியில என் மணிக்கட்டு போயிரும். அதால கோழிய அடிச்சா இறகுதான் மிஞ்சும். இறக வறுத்துத் திங்கவா?"

"அப்ப ரெண்டா வாங்கு. கோழிக்கு ஒண்ணு, கரடிக்கு ஒண்ணு."

"யாரு தூக்குறது, நீயா?"

"கூப்பிட்டா வருவேன்."

"உன்னக் கூட்டிட்டுப் போறதுக்கு அந்தக் கரடியோடயே குடித்தனம் நடத்தலாம்."

நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நடுவில் மடங்குகிற சின்ன ரைஃபிளைத் தூக்கிப் பார்த்து, "பொம்ம மாதிரி இருக்கு" என்றாள். குட்டைக் குழல் ரவைத் துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி, "இது ஒத்த ஆளு சுமக்குற கனமா?" என்றாள். குழலைக் கழற்றிப் பிடிக்கட்டைக்குள்ளேயே அடைத்துவைக்கக்கூடிய ஒன்றைக் காட்டி, தண்ணீரில்கூட மிதக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். "நான் என்ன ஏரிக்குள்ள எறங்கியா கோழி அடிக்கப் போறேன்?"

எல்லாவற்றிலும் குறை இருந்தது. குறை ஒன்றுதான்: அவை எதுவும் பழைய துப்பாக்கி இல்லை.

3

பழைய துப்பாக்கியும் நான் விற்றதுதான். மேலே சின்னத் தோட்டாவுக்கு ஒரு குழல், கீழே ரவைத் தோட்டாவுக்கு ஒரு குழல். கழற்றினால் இரண்டே துண்டு. ஆர்லிஸும் வெர்னாவும் புருஷன்மாரை வீட்டில் விட்டுவிட்டு முதன்முதலாகக் கெட்டில் ஏரிக்குக் கேம்ப் போன வருஷம், ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு வாங்கினார்கள். வெர்னா, எங்கள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி வெட்டிவிட்டவள். குழல்களை ஆர்லிஸின் பையிலும், பிடிக்கட்டையும் விசையும் சேர்ந்த பாதியை வெர்னாவின் பையிலும் வைப்பது என்று முடிவானது.*

ஒவ்வொரு செப்டம்பரும் கிளம்புகிற அன்று கடைக்கு வருவார்கள். தோட்டா வாங்குவது ஒரு சாக்குதான். அவரவர் பாதியை எடுத்து என் கவுண்டர்மேல் வைத்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். டக்கென்று ஒரு சத்தம் வரும்.

"இன்னும் சேருதுடி" என்பாள் வெர்னா.

"சேராம எங்க போகும்" என்பாள் ஆர்லிஸ்.

பிறகு கழற்றி, ஆளுக்குப் பாதியாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ ஒன்றுக்குச் சண்டை போட்டபடியே வண்டியில் ஏறுவார்கள். அந்தக் காலத்தில் எனக்கு அது ஒரு நாள் வியாபாரம், அவ்வளவுதான். இப்போது அந்தச் சத்தத்துக்காகவே செப்டம்பர் வராதா என்று இருக்கிறது.

* சட்டத்தின் கணக்கில் விசையுள்ள பாதிதான் துப்பாக்கி, குழல் வெறும் குழாய். "இத்தன வருஷமா நான்தான் துப்பாக்கி தூக்குறேன், அவ குழாய் தூக்குறா" என்று வெர்னா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

3 (மறுபடியும்)

மேலே எழுதியது இனிப்பு கூடிவிட்டது. கரடியைக் கொண்டுவர வேண்டும்.

ஆர்லிஸின் அறுபதாவது பிறந்தநாள் கேம்பில் வந்தது. எங்கள் பக்கம் பற்பசையைக்கூடக் கூடாரத்தில் வைக்கமாட்டோம். கரடியை இழுக்கும் வாசனை உள்ளதையெல்லாம் மூட்டையாகக் கட்டி மரத்தில் தொங்கவிடுவோம். வெர்னாவும் அப்படித்தான். அந்த ஒரு நாள் தவிர. அன்று அவள் தன் கூடாரத்துக்குள், கனமான இரும்பு வாணலியோடு ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் போட்ட கேக் ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். சாயங்காலம் ஆச்சரியமாகக் கொடுப்பதற்கு.

ஆச்சரியம் முதலில் கரடிக்குக் கிடைத்தது.

"வெர்னா, உன் பாதிய எடு" என்று கத்தினாளாம் ஆர்லிஸ், குழலைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வீட்ல இருக்கு."

"வீட்லயா?"

"வாணலி வைக்க எடமில்ல, எடுத்து வெச்சுட்டேன்."

கரடி கேக்கை முடித்தது. ஆர்லிஸ் குழலால் காபிக் கெட்டிலை அடித்து அடித்துச் சத்தம் போட்டாள். அது வாணலியை ஒருமுறை நக்கிவிட்டு, தன் வசதிப்படி நடந்து போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெர்னா சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள். பயந்துபோய் நின்ற ஆர்லிஸ் அதைத்தான் மன்னிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது நின்ற பேச்சு பிறகு தொடங்கவே இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தபடியே, ஆளுக்குப் பாதித் துப்பாக்கியோடு வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டார்கள்.

4

நீக்கப்பட்டது. கரடியின் பார்வையில் எழுதியிருந்தேன். கரடி நன்றாகப் பேசியது, என்னைவிட நன்றாக. அதனால்தான் நீக்கினேன்.

5

போன வசந்தத்தில் வெர்னா கடைக்கு வந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வெளியே மகளின் கார் ஓடிக்கொண்டே நின்றது, அரிசோனாவுக்குக் கூட்டிப்போகிறாள். நீலத் துண்டில் சுற்றிய ஒன்றைக் கவுண்டரில் வைத்தாள். எடுத்துப் பார்க்காமலே என்னவென்று எனக்குத் தெரிந்தது.

"அவ கேட்டா குடு. கேக்கலன்னா குடுக்காத."

"நீயே குடேன். வீடு ரெண்டு தெருதானே."

"போனா அழுவா. அவ அழுது நான் பாத்ததில்ல. இப்பப் போயி எதுக்கு." மூச்சு வாங்க நின்றாள். "அங்கேருந்து நான் திரும்பப் போறதில்ல லாய்ட். உனக்கும் தெரியும்."

துண்டை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் வைத்தேன். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது.

6

ஆர்லிஸ் இன்னும் என் முன்னால்தான் நிற்கிறாள், இரண்டாம் பகுதியில் நிறுத்திய அதே இடத்தில். பாவம், கால் வலிக்கும். எல்லாத் துப்பாக்கியையும் தள்ளிவிட்டு, தன் பைக்குள் கைவிட்டுக் குழலை வெளியே எடுத்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள்.

"இந்த நீளத்துக்குள்ள ஒண்ணு காட்டு. தற்காலிகமாத்தான்."

"தற்காலிகமா?"

"அவ வர்ற வரைக்கும். கட்டையக் கையோட அரிசோனாவுக்கு எடுத்துட்டுல்ல போயிருக்கா, கோவக்காரி. வராதவ எதுக்கு அதச் சுமந்துட்டுப் போறா?" சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "வரட்டும். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி வெச்சிருக்கேன்."

எம்மெட் எழுந்து போய் இன்னொரு காபி ஊற்றிக்கொண்டான்.

கொடுத்தால் துப்பாக்கி முழுசாகும், வெர்னா வரமாட்டாள் என்பதும் முடிவாகிவிடும். கொடுக்காவிட்டால் சண்டை மிஞ்சும். சண்டை போட எதிரில் ஒரு ஆள் மிஞ்சுவாள்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) மடங்குகிற ரைஃபிளை வாங்கிக்கொண்டு தனியாகப் போகிறாள். ஒரு கோழி அடிக்கிறாள். ஒருத்திக்கு ஒரு கோழி அதிகம். (கட்டுரைக்கு இதுதான் பொருந்தும்.)

(ஆ) துண்டை எடுத்து வைக்கிறேன். டக். அதற்குப் பிறகு அவள் முகம்...

(இ) கதவு திறக்கிறது. மூக்கில் குழாய் இல்லாமல் வெர்னா நிற்கிறாள். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். அழகாகவே வந்தது. அத்தனையும் பொய் என்று கிழித்துப் போட்டேன்.

7

குழலைத் தடவியபடி ஆர்லிஸ் இன்னொன்றும் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல: "இதோட பாதி இப்ப எந்த மூலையில கெடக்குதோ."

இது கேட்டதாகுமா, ஆகாதா? எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் யோசித்தும் தெரியவில்லை.

காபி தீர்ந்துவிட்டது என்கிறான் எம்மெட். நான் பின்பக்கம் போகிறேன். கவுண்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நீலத் துண்டு கீழ்த் தட்டில், உங்கள் இடது கைப்பக்கம். எடுத்துக் கொடுப்பதா இல்லையா என்பதை அவள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். கொடுப்பதாக இருந்தால், ஐந்தாம் பகுதியில் நான் மறைத்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கதவைத் திறந்துகொண்டு, காருக்குப் போகுமுன் திரும்பி நின்று வெர்னா சொன்னது:

"இந்தத் தடவ என் பாதிய மறக்காமக் கொண்டுவந்துட்டேன்னு சொல்லு."