கம்பளிக்கு அடியில்

கம்பளி மறுபடியும் அசைந்தது. ஜோதிமணி கையிலிருந்த சீட்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள். அப்பா ஞானவேலும் ஷர்மிளாவும் பக்கத்துப் பக்கத்தில் கால் நீட்டியிருந்த இடத்தில், துணிக்கு அடியில் எலி ஓடுவதுபோல் ஒரு துடிப்பு. விட்டு விட்டு ஏழெட்டுத் தடவை, பிறகு நின்றுபோனது. உடனே அப்பா தன் முன்னால் குவித்திருந்த பூண்டுப் பல்லில் மூன்றை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார்.

"பந்தயத்த ஏத்துறேன்," என்றார்.

"மாமாவுக்கு இன்னிக்கு என்னமோ அதிர்ஷ்டம் அடிக்குது," என்று சிரித்தாள் ஷர்மிளா.

அடிக்கிறது யார் என்று எனக்கல்லவா தெரியும் என்று ஜோதிமணி நினைத்துக்கொண்டாள்.

காணும் பொங்கல் மத்தியானம். மூன்று மணிக்கே வடகவுஞ்சியில் மேகம் இறங்கி, வாசலில் நின்ற ஜீப்பை மறைத்திருந்தது. ஐந்து பேரும் ஒரே கம்பளிக்குள் காலை நீட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, தம்பி பாலமுருகன், தம்பி மனைவி ஷர்மிளா, ஜோதிமணி, அவளுடைய பன்னிரண்டு வயது மகள் பிரியா. நடுவில் எவர்சில்வர் தாம்பாளம். பந்தயம் காசு இல்லை, மலைப்பூண்டு. கடைசியில் கையில் பல் இல்லாமல் நிற்பவர், ராத்திரிக் கோழிக்குழம்புக்கு அத்தனை பூண்டையும் உரிக்க வேண்டும். மலைப்பூண்டை உரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது எப்படிப்பட்ட தண்டனை என்று. நகக்கண்ணெல்லாம் எரியும்.

எல்லாப் பொங்கலுக்கும் இந்த வீட்டில் ரம்மிதான். அம்மா இருந்த காலத்திலிருந்து அப்படி. பதிமூன்று சீட்டையும் விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா ஆடுவதைப் பார்க்கவே அக்கம்பக்கத்து ஆட்கள் வருவார்கள். இந்த வருஷம் ஷர்மிளாதான் ஆட்டத்தை மாற்றினாள். பாலமுருகன் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். அங்கே தங்க வருகிறவர்களிடம் போக்கர் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆளுக்கு இரண்டே சீட்டு, நடுவில் ஐந்து சீட்டைப் பொதுவாகத் திறந்து வைப்பது. கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் ஜோடி சேர்ந்தால் நல்லது, மூன்று சேர்ந்தால் ரொம்ப நல்லது. தேறாது என்று தோன்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அவ்வளவுதான் கணக்கு. அதற்கு மேல் ஷர்மிளா ஒரு சட்டமும் போட்டாள். நடுவில் திறக்கிற சீட்டை, போடுகிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"எதுக்கு? எங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று ஜோதிமணி கேட்டாள்.

"ஒரு இதுதான் மதினி. டிவியில சொல்றாப்புல இருக்கும்ல."

புது ஆட்டம், புதுச் சட்டம், அதையும் போட்டது அவள். தம்பியோ பெண்டாட்டி சொன்னால் மறுபேச்சு பேசாதவன். ஜோதிமணி வாயை மூடிக்கொண்டாள். நேற்றுக் காலை வந்து இறங்கியதிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பழனி அடிவாரத்தில் அவள் கணவன் கதிர்வேலுக்குப் பூசைச் சாமான் கடை. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை ஆட்கள் வந்து குவிகிற நேரம், அவனால் நகர முடியவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது சொல்லி அனுப்பினான்: "உங்கப்பா இப்பல்லாம் உன் தம்பி பொண்டாட்டி சொல்றதுக்குத் தலையாட்டுற பொம்மையாயிட்டாரு. போனப் போட்டா அவதான எடுக்கா. பாத்துக்க." அப்போது அவனைக் கடிந்துகொண்டாள். வந்து பார்த்தால் அவன் சொன்னது குறைச்சல்.

வாசலில் நின்ற அப்பா, அவள் பத்தடி தூரம் வரும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பா" என்று அவளாகக் கூப்பிட்ட பிறகுதான் முகம் மலர்ந்தது. பெற்ற மகளை வா என்று கூப்பிடக்கூட ஒருத்தியின் உத்தரவு வேண்டுமா என்று அப்போதே நெஞ்சில் தைத்தது. காபி டம்ளரை ஷர்மிளா கொண்டுவந்து அவர் கையில் பிடித்துக் கொடுக்கிறாள். ஃபோன் அவள் இடுப்பில் இருக்கிறது. வத்தலக்குண்டுக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் போகும் நாளெல்லாம் ஜீப்பின் முன்சீட்டில் அவள். அம்மா ஒருநாள்கூட அந்த சீட்டில் மார்க்கெட்டுக்குப் போனதில்லை. ஜீப்பின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குவதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டதற்குக்கூட, அப்பா வாயைத் திறக்குமுன் அவள்தான் சொன்னாள், மேலேயிருந்து கல் உருண்டு விழுந்தது என்று.

நாளைக்கு வெள்ளனே அப்பா இவளையும் பிரியாவையும் ஜீப்பில் பழனிக்குக் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. இரண்டு மணி நேரம் மலை இறக்கம். அப்பாவிடம் தனியாகப் பேசுவதற்கு ஜோதிமணி அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நம்பியிருந்தாள். காலையில் ஷர்மிளா அதிலும் மண்ணைப் போட்டாள்.

"நானும் வரேன் மதினி. பழனியில எனக்கு ஒரு சோலி கெடக்கு."

"என்ன சோலி?"

"சும்மா, ஒரு சின்னச் சோலி."

தாம்பாளத்தில் பாலமுருகன் கடைசிச் சீட்டைத் திறந்தான். "டைமன் எட்டு."

கம்பளி அசையவில்லை. அப்பா தன் இரண்டு சீட்டையும் கீழே விரித்தார். இரண்டும் எட்டு. நடுவில் இருந்ததோடு சேர்த்து மூன்று எட்டு.

"தாத்தா, நீங்க சரியான கள்ளன்," என்றாள் பிரியா. அப்பா பூண்டைக் கையால் தடவித் தடவித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"வயசானா அதிர்ஷ்டம் கூடும்டி."

"அப்பா, உங்க அதிர்ஷ்டத்துக்குக் காபி வேணுமாம்," என்றாள் ஜோதிமணி. "ஷர்மிளா, வெரசாப் போயி எல்லாருக்கும் ஒரு காபி போடேன். குளுருது."

ஷர்மிளா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். "இன்னும் ஒரு ஆட்டம் போகட்டும் மதினி."

"உன் பூண்ட நான் பாத்துக்கிறேன். போ."

அவள் எழுந்து போனதும் பாலமுருகனுக்கும் பிரியாவுக்கும் சண்டை ஆரம்பித்தது. மாமன் இரண்டு பல் கூடுதலாக எடுத்துவிட்டான் என்று பிரியா அவன் விரலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் ஜோதிமணி ஓசைப்படாமல் நகர்ந்து ஷர்மிளாவின் இடத்தில் உட்கார்ந்து, கம்பளிக்குள் காலை நீட்டினாள். இன்றைக்கு இந்தத் திருட்டை வெளியே இழுத்துவிடுவது என்று முடிவு. தம்பி சீட்டைக் கலைத்துப் போட்டான்.

அப்பா தன் இரண்டு சீட்டையும் எடுத்து மடியில் சாய்த்துப் பிடித்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோல். ஜோதிமணி பார்த்தாள். டைமன் நாலு, இஸ்பேட் நாலு.

நடுவில் முதல் மூன்று சீட்டு வந்தது. "ராணி. ரெண்டு. நாலு," என்று பாலமுருகன் ராகம் போட்டுச் சொன்னான்.

கம்பளிக்கு அடியில் அப்பாவின் பாதம் வந்து அவள் பாதத்தின்மேல் படிந்தது. வெடிப்பு விழுந்த, சூடான பாதம். அது அழுத்தவில்லை, தட்டவில்லை. காத்திருந்தது.

அப்பா சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் தூக்கி, எதையோ காதில் வாங்குவதுபோல் இருந்தார். ஜோதிமணி காலை அசைக்கவில்லை. நேரம் போனது. பாலமுருகன், "என்னப்பா, இருக்கீகளா போறீகளா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா நம்மகிட்ட," என்று அப்பா இரண்டு சீட்டையும் கவிழ்த்துவிட்டார்.

மூன்று நாலு. கையில் இரண்டு, நடுவில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஞானவேல் சீட்டைக் கவிழ்க்கிறார். கையில் ஒன்றுமில்லாமலே ஊரை மிரட்டி ஜெயித்த மனுஷன்.

"அப்பா," என்றாள் ஜோதிமணி மெதுவாக.

பக்கத்தில் இருப்பது திரும்பி வந்த ஷர்மிளா என்று நினைத்திருந்தவர், அந்தக் குரலை அங்கே எதிர்பார்க்கவில்லை. பாதம் சட்டென்று விலகியது.

அடுக்களையில் ஷர்மிளா டிகாஷனை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜோதிமணி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"எது மதினி?"

"காலால பேசுறது."

ஷர்மிளா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மாமா சொல்லிட்டாகளா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. மூணு நால வச்சுக்கிட்டுக் கவுத்திட்டாரு."

ஷர்மிளா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "மாமாவுக்குச் சக்கர நோவு கண்ணுக்குப் போயிருச்சாம். மதுரையில காட்டினோம், ஆடி மாசம். நடுவுல பொகை மாதிரி நிக்குதாம், ஓரத்துலதான் தெரியுதாம். ராஜா ராணின்னா நெறத்த வச்சு அவுகளே கண்டுபிடிச்சிருவாக. நம்பர்தான் தெரியாது. பதிமூணு சீட்டுக்கு நான் எப்பிடிக் கால் தட்டுறது? அதான் ரெண்டு சீட்டு ஆட்டம் போதும்னு உங்க தம்பியக் கெளப்பி விட்டேன். கண்ணு விஷயம் அவருக்கும் தெரியாது."

வாசலில் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா ஜோதிமணியின் கண்ணுக்கு முன் வந்தார். பிறகு தொங்குகிற கண்ணாடி வந்தது. பிறகு முன்சீட்டு.

"அப்ப வண்டி?"

ஷர்மிளா டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

"ஏய், வண்டி எப்பிடி ஓட்டுறாரு?"

"நான் சொல்லிக்கிட்டே வருவேன் மதினி. எடது வளைவு, எதிர்ல பஸ்ஸு, மாடு நிக்குதுன்னு. ரோடு அவுகளுக்கு மனப்பாடம். வண்டிகதான் மனப்பாடம் இல்ல." கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு தடவ சாவிய ஒளிச்சு வச்சேன். ஒளிச்சு வச்ச அன்னிக்கெல்லாம் அவுக சோத்தத் தொடல. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அத்தை படத்துமேல கை வச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதாம்."

"எங்கிட்ட மட்டும் ஏன்?"

"ஜோதிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சாவியப் புடுங்கிருவா, அப்புறம் நான் மூலையில கெடக்க வேண்டியதுதான்னு சொன்னாக."

ஜோதிமணி அவளையே பார்த்தாள். சந்தேகம் என்பது ஒட்டுப்புல் மாதிரி. ஒரு இடத்தில் பிடுங்கினால் சேலையின் இன்னொரு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். "இல்ல, பூண்டு மூட்ட கீழ எறங்கணும்னு நீயும் பேசாம இருந்துட்டியா?"

ஷர்மிளா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. "அதுவுந்தான்," என்றாள். "இல்லன்னு பொய்யா சொல்ல முடியும்? ஆனா நாளைக்குப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் போறீகளேன்னு நேத்திலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அதான் நானும் வரேன்னேன்."

காபியோடு இருவரும் திரும்பி வந்தபோது ஜோதிமணி நின்றபடியே சொன்னாள். "நாளைக்கு நாங்க பஸ்ல போயிக்கிறோம்ப்பா."

"எதுக்குக்கா? கூட்டமா வரும் பஸ்ஸு. வாசல்ல வண்டி நிக்கையில," என்றான் பாலமுருகன்.

"ஜீப்புலதான் போகணும்," என்றாள் பிரியா.

அப்பா காபியை ஊதிக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையைத் தடவி வைத்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு ஜீப் சாவியை எடுத்தார். அம்மா கோர்த்துக் கொடுத்த வேல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் தாம்பாளத்தில் பூண்டுக் குவியல்மேல் வைத்தார்.

"ஆடிருவோம் தாயி. உனக்கும் எனக்கும் ஒரே ஆட்டம். நான் செயிச்சா வண்டி. நீ செயிச்சா பஸ்ஸு. இந்தச் சாவியவும் நீயே வச்சுக்க."

"ஆத்தி, பெருசு வண்டியவே பந்தயம் வைக்குது," என்று பாலமுருகன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. சீட்டைக் கலைக்க ஆரம்பித்தான்.

ஷர்மிளா தன் பழைய இடத்தில் உட்காரப் போனாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜோதி எம் பக்கத்துல உக்காரட்டும்."

ஷர்மிளா எதிர்ப்பக்கம் போய் பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜோதிமணி கம்பளிக்குள் காலை நீட்டினாள். அவள் கையில் வந்தது ஒரு மூணும் ஒரு ஒன்பதும், உருப்படாத சீட்டு. அப்பா தன்னுடையதை மடியில் சாய்த்துப் பிடித்தார். பாலமுருகன் நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்தான்.

"ஏழு. ஜாக்கி. ரெண்டு. பத்து." கடைசிச் சீட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான். "இன்னொரு ஏழு."

ஜோதிமணி பக்கவாட்டில் பார்த்தாள். அப்பாவின் கையில் ஒரு ராஜா. அது அவருக்குத் தெரியும், கட்டைவிரலால் அதை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். மற்றது கிளாவர் ஏழு. மூன்று ஏழு. ஏழு தடவை தட்டி உண்மையைச் சொன்னால் அவர் ஜெயித்துவிட்டார். நடுவில் சேராத வேறு எதைச் சொன்னாலும் கவிழ்த்துவிடுவார். சாவி அவள் மடிக்கு வந்துவிடும்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் பிரியாவுக்கு உண்டு. "தாத்தா, ஏழு வச்சுக்கிட்டா கவுத்தீங்க?" என்று சத்தமாகக் கேட்பாள். அந்த நிமிஷத்தில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், மகளின் கால் பொய் சொன்னது என்று. அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டில் யார் காலை நம்புவார்? இல்லை, எல்லாம் தெரிந்துதான் பக்கத்தில் உட்கார வைத்தாரா? சாவியைத் தானாகக் கொடுக்க வாய் வராமல், அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று வழி செய்து கொடுக்கிறாரா? முகத்தைப் பார்த்தாள். சீட்டாட்டத்தில் அந்த முகத்திலிருந்து யாரும் எதையும் படித்ததில்லை.

வெளியே மேகத்துக்குள் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் ஏறியது. அப்பா அந்தச் சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவருடைய பாதம் வந்து அவள் பாதத்தின்மேல் படிந்தது.

எதிரே ஷர்மிளா சீட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிமணி கால் பெருவிரலைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நிறுத்தினாள்.

அப்பா சீட்டைக் கவிழ்க்கவில்லை. அவருடைய பாதம், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல், அங்கேயே இருந்தது.