ஜூனிப்பரின் பின்னங்கால்

"இது உன் குதிரை இல்ல கண்ணு" என்று ரோண்டா சொன்னதும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நான் குட்டியிலிருந்து பழக்கிய குதிரை!

கல்லூரி லாயம் அவள் பொறுப்பில்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் கால்நடை வைத்தியர் அடையாளத்துக்காக வரைந்த குதிரைப் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் வெள்ளைத் திட்டு இடது பின்னங்காலில். அப்பாவின் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் நின்ற என் ஜூனிப்பருக்கு வலது பின்னங்காலில்.

"தாள் சரியில்லன்னா கேட்டைத் தாண்ட விடமாட்டேன். உள்ள நாப்பது குதிரை நிக்குது. ஒண்ணுக்குக் காய்ச்சல் ஒட்டுனா எல்லாம் போச்சு. உன் இடத்தை நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கேன். அப்புறம் வேற பொண்ணுக்குத்தான்."

புதிதாக ரத்தம் எடுத்தால் முடிவு வர நாலு நாள் ஆகும். ரோடியோ அணிக்காகப் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரைப் பந்தயம் ஓட்டுவதற்காகத்தான் எனக்குக் கல்லூரியில் இடமே கொடுத்திருந்தார்கள். ஜூனிப்பர் இல்லாமல் நான் எந்தப் பீப்பாயைச் சுற்றி ஓட்டுவது?

அப்பா வண்டியில் சாய்ந்து நின்றார். "விடு லேசி. வீட்டுக்குப் போயிடலாம். படிப்பு எங்க ஓடிப் போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நீங்க போங்க. டிரெய்லரை மட்டும் விட்டுட்டுப் போங்க. நாலு நாளோ நாப்பது நாளோ, ரோட்டோரத்துல இவகூடவே படுத்துக்கறேன். இந்த இடம் போனா வேற லாயம் தேடுவேன். வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன்."

"அப்படியே உங்கம்மா பிடிவாதம்!"

"செத்துப்போன அம்மாவை ஏன் இழுக்கறீங்க?"

ஜூனிப்பரை இறக்கி டிரெய்லரோடு கட்டினேன். அவள் தின்னப் புல் நிரப்பிய வலையை மாட்டும்போதுதான் உறைத்தது. அன்று வைத்தியர் எங்கள் இரண்டு குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்தாரே! இடது காலில் வெள்ளை இருப்பது வீட்டில் நிற்கும் ப்ளம்முக்கு அல்லவா?

"அப்பா, இது ப்ளம்மோட தாள். இவளோடது எங்க?"

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"எங்கன்னு கேக்கறேன்ல?"

மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். உள்பட்டைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார், ஜூனிப்பரின் தாளை. வேர்வையில் நனைந்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல கிளம்பிட்டா நான் மட்டும் அந்த வீட்ல என்னடி பண்ணுவேன்?"

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அழவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். தாளைப் பிடுங்கி ரோண்டாவிடம் கொடுத்தேன்.

ரோண்டா தாளை விரித்தாள், காலைப் பார்த்தாள், கேட்டைத் திறந்தாள். நான் கயிற்றை அவிழ்ப்பதற்குள் அப்பா அவிழ்த்துவிட்டார். அவிழ்த்தவர் கொடுக்கவில்லை, கையில் இறுக்கிக்கொண்டே நின்றார்.

"குடுங்கப்பா."

"நவம்பர் லீவுக்கு வருவீங்கல்ல, ரெண்டு பேரும்?"

"வருவோம். இப்ப குடுங்க."

அவர் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். கேட்டுக்குள் நுழையும்போது ஜூனிப்பர் திரும்பி அவரைப் பார்த்துக் கனைத்தாள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவரோடு வீட்டுக்கே போயிருப்பேன்.