சின்னவளின் கொட்டகைக்குள் ஒரு நடை

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இருவருக்கும் அடுத்தடுத்துக் கோழிக் கொட்டகை. ஒரே நாளில் வந்திறங்கிய குஞ்சுகள், ஒரே தீவனம். இருந்தும் சின்னவளின் கோழிகள்தான் முதலில் முட்டை வைத்தன. ஊசி போட வந்த கால்நடை டாக்டர், "அவங்க வச்சிருக்கிறதைப் பாத்து நீங்களும் பண்ணுங்கம்மா" என்று பெரியவளிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவளுக்கு மனமில்லை. நாமே வைத்துவிடலாம்.

ஒரு நாள் காலையில் சின்னவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் பக்கம் வந்துடாதீங்க. கோழிங்களுக்குத் தாடி வீங்கி, பச்சையா கழியுது. காலரா மாதிரி இருக்கு. செருப்புல ஒட்டிக்கிட்டே பரவுமாம்."

"ஐயோ பாவம்" என்றாள் பெரியவள். காலராவாவது கத்தரிக்காயாவது. புதிதாக ஏதோ தீவனம் வாங்கிப் போடுகிறாள், நம் கண்ணில் படக்கூடாதென்று கதை கட்டுகிறாள் என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

சின்னவள் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியதும் பெரியவள் வேலியைக் கடந்தாள். கொட்டகை வாசலில், செருப்பில் ஒட்டும் கிருமி சாகட்டும் என்று, சுண்ணாம்புத் தூளைக் கனமாகப் பரப்பியிருந்தார்கள். மிதித்தால் அடித்தடம் காட்டிக் கொடுத்துவிடும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வயதில், ஒரே தாண்டாகத் தாண்டினாள்.

உள்ளே கோழிகள் நிஜமாகவே தலை தொங்கிக் கிடந்தன. சில செத்து விறைத்திருந்தன. புதுத் தீவனம் ஒரு மூட்டைகூட இல்லை. பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஒரு மூலை விடாமல் நிதானமாக நடந்து பார்த்தாள். திரும்பும்போதும் சுண்ணாம்பைத் தாண்டித்தான் வந்தாள். அதே செருப்போடு தன் கொட்டகைக்குள் போய்த் தீவனம் போட்டாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய கோழிகளும் தூங்கி விழ ஆரம்பித்தன. சின்னவளுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று சொல்ல வாய் வராமல், வெயில்மேல் பழி போட்டாள். சின்னவள் உடனே மருந்து கொடுத்ததில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. பெரியவளுடையவை கொத்துக் கொத்தாகச் சரிந்தன.

கடைசியில் டாக்டர் வந்தார். "இங்க எப்படி வந்துச்சு? யாராவது அங்க போயிட்டு வந்தீங்களா?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற சின்னவள்தான் உடைந்து அழுதாள்.

"என்னாலதான் டாக்டர். நான்தான் ஜாக்கிரதையா இல்லாம விட்டிருக்கேன். அக்கா கோழிங்களை நானே கொன்னுட்டேன்."

"அழாதீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை" என்று டாக்டர் அவள் பக்கம் போனார். பெரியவளின் வீட்டுக்காரரும், "விடும்மா, நீ என்ன பண்ணுவே" என்று அவளையே தேற்றினார்.

செத்தது பெரியவளின் கோழிகள். ஆறுதல் மொத்தமும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் கொன்றேன் என்று கத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தப் பழியையாவது அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளலாம்.