ஒட்டாத நோய்

இந்திராணி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். சீனு வேன் கதவோடு ஒட்டிக்கொண்டு முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். இருமல் வரும்போதெல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகப் பார்த்தான். தள்ளிப் போக அங்கே இடமில்லை.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சில்ல மாமா? இது யாருக்கும் ஒட்டாது."

"விழுந்துச்சு."

"அப்புறம் இன்னா?"

காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் அவன் மூக்குக்குப் போயிற்று. வேன் சித்தூரைத் தாண்டிப் பலமனேர் சாலையில் திரும்பியது.

காலையில், திருப்பதி ஆஸ்பத்திரியில், அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. குப்பத்தில் கிரானைட் யார்டில் கை கிரைண்டர் பிடிப்பவர் என்று இந்திராணி சொன்னாள். வெளிநாட்டுக் கல்லறைகளுக்குப் போகும் கற்களின் ஓரங்களைத் தேய்த்து மழுக்குவார், பிறகு பாலிஷ் போடுவார். தண்ணீர் விட்டா, காய்ந்த கல்லிலா என்று டாக்டரம்மா கேட்டார். காய்ந்த கல்லில்தான். மூக்குக்கு என்ன கட்டுவார்? கைக்குட்டை.

"இது டி.பி. இல்லம்மா. கல்லுத் தூசி. நுரையீரல்ல படிஞ்சு படிஞ்சு தழும்பா இறுகிப்போச்சு. கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கோட நின்னுடும். தெரியாத தூசிதான் உள்ள போவுது. அத கைக்குட்டை தடுக்காது." எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "இனிமே மருந்து கேக்காது. வீட்டுக்குக் கூட்டிம்போய் பக்கத்துல இருந்து பாத்துக்குங்க."

இந்திராணி கேட்டது ஒன்றுதான். "அப்போ கொழந்தைக்கு ஒட்டாதா?"

"யாருக்கும் ஒட்டாது."

டி.பி. என்று முதலில் சொன்னது போன வருடம். அன்றைக்கே சீனு பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷீட் கொட்டகைக்குப் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. மகள் தரணி அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். இந்திராணி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் வந்து எடுப்பான். மாத்திரை தீர்ந்து, மறுபடி ஆரம்பித்து, அதுவும் தீர்ந்தது. சாயங்காலமானால் மகளுக்கு வீடியோ கால் போடுவான். அவன் கொட்டகையில், அவள் சமையலறையில், நடுவில் துவைக்கிற கல். போனில் வருவதற்கு முன்பே அவன் குரல் ஜன்னல் வழியாக வந்துவிடும்.

"நைனா, நீ இங்க வந்து பேசு."

"நைனா வெளியூர்ல கீறேம்மா."

"இல்ல. கொட்டாயில கீற."

போனைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பான்.

மொகிலி மலைமேட்டில் வேன் திணறி ஏறியபோது அவனாகவே வாயைத் திறந்தான். "பாப்பா ஸ்கூல் உட்டு வந்திருக்குமா?"

"நாம போறதுக்குள்ள வந்துரும். பக்கத்தூட்டுல சொல்லிக்கீறேன். அவங்க போனுக்கு அப்புறம் கால் போடட்டா?"

"வாணாம்." மூச்சு வாங்கினான். "நேர்ல பாத்துக்கறேன். கிட்ட ஒக்காரட்டும்."

"மடியிலயே வெச்சுக்கோ."

"வெயிட்டு ஏறியிருப்பா."

"ஏறிட்டா. இப்பல்லாம் நல்லா துன்றா."

சீனு வெளியே பார்த்தபடி தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, கேட்டுவிட்டு வைப்பவன்போலத் தயங்கித் தயங்கி, தன் கையை அவள் மடிமேல் வைத்தான். மெஷினின் அதிர்வில் நுனி வெளுத்துப்போன விரல்கள். இந்திராணி அவற்றைப் பற்றிக்கொண்டாள். அசைந்தால் எடுத்துக்கொண்டுவிடுவானோ என்று கால் மரத்துப்போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வி.கோட்டா தாண்டியதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவன் முகம் கண்ணாடிப் பக்கமே இருந்தது. மறுபடி கேட்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"போங்க," என்றாள். "ஊட்டுக்குப் போங்க."

சிலிண்டர் மட்டும் சீறிக்கொண்டு வந்தது. குப்பம் வரும்வரை அதை மூடச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தரணி சமையலறை வாசலில் நின்றாள்.

"வா. நைனா கிட்ட வந்து ஒக்காரு."

"ஒட்டிக்கும்."

"ஒட்டாது."

தரணி வந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பிறகு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "சில்லுனு கீதும்மா."

யார்டு எதிர்ச்சாரியில்தான். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். இந்திராணி எழுந்து அவர்களிடம் போனாள்.

"அத அவுத்துட்டு உள்ள வாங்க. அவருக்கு டி.பி. இல்ல. கல்லுத் தூசியாம். திருப்பதில சொல்லிட்டாங்க. கைக்குட்டை கட்டிக்கினா பத்தாதாம்."

கூட வந்திருந்த சூப்பர்வைசர் ரங்கையா தொண்டையைச் செருமினார். "இப்ப எந்துக்கம்மா அதெல்லாம்? ஸ்டோர்ல நல்ல மாஸ்க் கீது. மூச்சு முட்டுதுன்னு இவங்கதான் போடறதில்ல. தண்ணி வர்ற மெஷின்கூட கீது."

"லேட்டாவுதுன்னு அத பூட்டி வெச்சது நீங்கதான சார்," என்றான் கிரண்குமார். சீனுவுக்குப் பக்கத்துக் கல்லில் வேலை செய்பவன். "சாதா மெஷின்ல தண்ணி ஊத்தினா ஷாக் அடிக்கும். வேற எப்படித் தேய்க்கிறது?"

ரங்கையா செல்போனை எடுத்துப் பார்த்தார். கிரண்குமார் இருமினான். இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி இருமினான்.

"ஒனக்கு எப்போலேர்ந்து கீது?" என்றாள் இந்திராணி.

அவன் கைக்குட்டையை அவிழ்த்து, உதறி, மடித்தான். "அண்ணாவும் நானும் ஒண்ணாத்தான் வேலைக்குச் சேந்தோம், அண்ணி."

அவன் மட்டும் உள்ளே வந்தான். சீனுவின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் கேட்டருகே நின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பகலில் எடுத்தார்கள். பால் தெளித்த மறுநாள் உறவுக்காரர்களும் கிளம்பினார்கள். தரணியை அவள் தாய்மாமா சில நாள் வைத்திருந்து அனுப்புவதாகக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் பைக்கில் உட்கார்ந்து அவள் கையாட்டினாள்.

இந்திராணி கொட்டகையைக் கூட்டப் போனாள். கதவைத் திறந்துவிட்டு, கூட்டாமல் திரும்பி வந்தாள். எதிரே யார்டில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்றன் மேல் ஒன்றாக அந்த இரைச்சல். வாசலுக்கு வந்து பார்த்தாள். வழக்கம்போல வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஆட்கள் அதற்குள் நிழல்களாகத் தெரிந்தார்கள்.

ஓரத்துக் கல்லருகே மட்டும் புகை இல்லை. கிரண்குமார் குனிந்து நின்று, பூட்டிக் கிடந்த அந்தத் தண்ணீர் மெஷினைப் பிடித்திருந்தான். மெஷினிலிருந்து ஒரு நீல டியூப் குழாயடிக்குப் போயிற்று. ரங்கையா அவனிடம் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் நிமிரவில்லை.

கல்லிலிருந்து வழிந்த தண்ணீர், பால்போல வெளுத்து, யார்டு வாசலைத் தாண்டி ரோட்டுச் சரிவில் இறங்கி வந்தது. கோலமில்லாத அவள் வாசலில் வந்து தேங்கியது. இந்திராணி காலை எடுக்காமல் நின்றாள்.